சூரியகாந்தியா, கெப்ளரின் கணக்கா?

படைத்தவரின் கைவண்ணத்தைப் படைப்பில் தேடும் கிறிஸ்தவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று கண்ணுக்குத் தெரியும் வடிவங்கள், இன்னொன்று கணக்குப் போட்டால்தான் தெரியும் விதிகள்.

முதல் வழி எளிது. முற்றிய சூரியகாந்தியின் நடுவட்டத்தில் விதைச் சுருள்களை எண்ணிப் பாருங்கள். பல பூக்களில் ஒரு பக்கமாக 34, எதிர்ப்பக்கமாக 55 வரும். இரண்டும் பிபனாச்சி எண்கள், அதாவது முந்தைய இரண்டையும் கூட்டினால் அடுத்தது வரும் வரிசையில் (1, 1, 2, 3, 5, 8...) உள்ளவை. ஒவ்வொரு புது அரும்பும் முந்தையதிலிருந்து ஏறத்தாழ 137.5 பாகை தள்ளி முளைப்பதால் இடம் வீணாவதில்லை. காட்டுப் பூக்களைக் கவனியுங்கள் என்று இயேசு சொன்னது நினைவுக்கு வரும். பிள்ளைகளுக்குக் காட்ட இது அருமையான இடம். ஆனால் ஆசை மிஞ்சினால் எல்லாவற்றிலும் பொன்விகிதத்தை (அடுத்தடுத்த பிபனாச்சி எண்களின் விகிதம் நெருங்கும் எண், சுமார் 1.618) பார்த்துவிடுவோம். நாட்டிலஸ் என்ற கடல் உயிரியின் ஓட்டைப் பொன்விகிதச் சுருள் என்று பலரும் பகிர்வது சரியல்ல. விசுவாசத்துக்குப் பொய்ச் சாட்சி வேண்டாமே.

இரண்டாவதற்குப் பொறுமை வேண்டும். இறையியல் படித்த வானியலாளர் கெப்ளர் 1619இல் வெளியிட்ட விதி இது: கோளின் சுற்றுக்காலத்தின் வர்க்கம், சூரியனிலிருந்து அதன் சராசரித் தொலைவின் கனத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். வியாழன் பூமியைவிட 5.2 மடங்கு தொலைவில் இருக்கிறது. 5.2இன் கனம் (5.2 × 5.2 × 5.2) சுமார் 140.6. சூரியனைச் சுற்றிவர 11.86 ஆண்டு, அதன் வர்க்கம் சுமார் 140.7. முழுமையாக்கியதால் வந்த சின்ன வித்தியாசம்தான்.

என் மனம் இதன் பக்கமே சாய்கிறது. சுருள்களின் எண்ணிக்கை பூவுக்குப் பூ மாறலாம். இந்த விதி செவ்வாய்க்கும் சனிக்கும் ஒன்றே. சரி, இது கடவுளை நிரூபிக்காது, நம்பாதவரும் இதே விடைக்குத்தான் வருவார். நான் அந்த விடையைப் பார்த்ததும் ஸ்தோத்திரம் சொல்கிறேன்.