ஃபைபர் வள்ளத்துக்கு அடிப்பெயிண்ட்: மூன்று வருட அனுபவம்

பாம்பனில் எங்கள் ஃபைபர் வள்ளம் வருடத்தில் பெரும்பாலான நாட்கள் நங்கூரத்தில்தான் கிடக்கும். தினமும் கரையேற்றும் படகுக்குச் சாதாரண எனாமலே போதும். தண்ணீரிலேயே கிடப்பதற்கு ஆன்டிஃபௌலிங் எனும் செம்புப் பெயிண்ட் அடிக்காவிட்டால், பாசியும் கொட்டலசும் (ஓடுள்ள சிறு கடல் உயிரி) பிடித்து அடிப்பக்கம் சொரசொரத்துவிடும். வேகம் குறையும், டீசல் கூடும்.

முதல் தடவை, புது வள்ளம் வந்த கையோடு மேலோட்டமாக உப்புத்தாள் போட்டு இரண்டு கோட் அடித்தேன். நான்கே மாதத்தில் அப்பளம் அப்பளமாக உரிந்தது. பெயிண்ட் போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்கே போனேன், பாவம் அவர். பக்கத்துப் படகில் வேலை பார்த்த பெரியவர் வந்து, உரிந்த இடத்தில் ஒரு குவளை நல்ல தண்ணீரை ஊற்றினார். சேம்பு இலையில் விழுந்த மாதிரி முத்து முத்தாக உருண்டோடியது.

"அச்சுல இருந்து கழட்ட மெழுகு தடவுவாங்கல்ல தம்பி, அது இன்னும் போகல. மெழுகு மேல எந்தப் பெயிண்ட் நிக்கும்?"

அடுத்த முறை எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு, முதலில் தின்னர் துணியால் துடைத்தோம். துணியை அடிக்கடி மாற்றணும், இல்லையென்றால் எடுத்த மெழுகையே வேறு இடத்தில் பூசுகிறோம். தேய்ப்பு அதற்கப்புறம்தான், முந்தித் தேய்த்தால் மெழுகு கீறலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். 80 நம்பர் தாளில் பளபளப்பு போகும்வரை தேய்த்துக் கழுவினோம். தண்ணீர் உருளாமல் படலமாக வழிந்தது. சரி, இனி அடிக்கலாம்.

செம்புப் பெயிண்டுக்கு அடியில் பிடிமானத்துக்காக அடிப்பது எபாக்சி பிரைமர். அதில் பதம்தான் விஷயம். கட்டைவிரலால் அழுத்தினால் ரேகை பதியணும், விரலில் ஒட்டக் கூடாது. அப்போதே செம்புப் பெயிண்ட் முதல் கோட். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் இறுகிவிடும், மறுபடி தேய்ப்புதான். காலைப் பனியின் ஈரம் முழுசாகக் காயாமல் பிரைமர் டப்பாவைத் திறப்பதே இல்லை.

அந்தப் பிரைமர் இன்று வரை உரியவில்லை. வருடா வருடம் மேலே செம்புப் பெயிண்ட் மட்டும் புதுப்பிக்கிறேன். பழசைத் தேய்க்கும்போது தண்ணீர் விட்டுத்தான் தேய்க்கணும். ஒருமுறை காய்ந்தபடி தேய்த்து, அந்தத் தூசியில் இரண்டு நாள் தொண்டை எரிந்தது.

குறை என்றால் ஏராதான், அதாவது அடிப்பக்கத்தின் நடுவே நீளமாக ஓடும் முதுகுப் பகுதி. மணலில் உரசி அங்கே மட்டும் வெளுத்துவிடுகிறது. எத்தனை கோட் அடித்தும் பயனில்லை. இந்தத் தடவை அங்கே ஃபைபர் பாய் (கண்ணாடி இழை விரிப்பு) ஒரு அடுக்கு ஏற்றிப் பார்க்கப்போகிறேன்.