கிருஷ்ணகிரியில் லேப்டாப்பில் லினக்ஸ் ஏற்றக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

கல்லூரிப் பாடத்துக்காக விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் மென்பொருளால் ஓடும் இன்னொரு கணினி) லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றித் தரச் சொல்லி லேப்டாப்பைக் கடையில் கொடுக்கப் போகிறவர்கள், பணத்தை எடுத்து நீட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். கிருஷ்ணகிரியில் ஒரு சர்வீஸ் கடை என் அண்ணனிடம் 4,200 ரூபாய் வாங்கிக்கொண்டு, செய்யாத வேலையைச் செய்ததாகக் காட்டி அனுப்பியிருக்கிறது.

அண்ணனுக்குச் சந்தூர் பக்கம் மாந்தோப்பு. மகள் பர்கூரில் பொறியியல் படிக்கிறாள். விண்டோஸ் 10 லேப்டாப்பில் விர்ச்சுவல் மெஷினை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளை நிறுவி, அதற்குள் லினக்ஸின் ஒரு வகையான உபுண்டு 24.04-ஐ ஏற்ற வேண்டும். ஆய்வக வகுப்புக்கு அது கட்டாயம். இரண்டும் இலவசம். அவளே இறக்கி, எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்திருக்கிறாள். ஸ்டார்ட் அழுத்தியதும் ஒரு பிழைச் செய்தி வந்து நின்றுவிட்டது. அதைக் கைப்பேசியில் படம் எடுத்து, கடையிலும் காட்டியிருக்கிறாள். நானும் பார்த்தேன். விர்ச்சுவல் மெஷினை ஓட்ட உதவும், செயலியின் விடி-எக்ஸ் வசதி பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) முடக்கப்பட்டிருக்கிறது என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. கோளாறு எங்கே என்று கணினியே சொல்லிவிட்டது. அதைச் சரிசெய்யக் காசு செலவில்லை.

கடைக்காரர் சொன்னதோ வேறு. "அண்ணா, 8 ஜிபி ரேம் இதற்குப் போதாது, இன்னொரு 8 ஜிபி போட்டால்தான் ஓடும்" என்று, உறைகூட இல்லாத ஒரு பழைய ரேமைப் போட்டு 2,400 ரூபாய். கூலி 1,800. பில் கிடையாது. உபுண்டு 24.04 கேட்பது 4 ஜிபிதான். 8 ஜிபி உள்ள லேப்டாப்பில் பாதியை ஒதுக்கினாலே வேலை நடக்கும்.

வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தால் உபுண்டு ஓடியது. அண்ணனுக்கு மகிழ்ச்சி. அவளோ நிரல் எழுத உதவும் விஷுவல் ஸ்டுடியோ கோட் மென்பொருளை அதில் நிறுவப் பார்த்திருக்கிறாள். தொகுப்பு ஏஎம்டி64 (64 பிட்) வகை, உங்கள் அமைப்போ ஐ386 (பழைய 32 பிட்) வகை, இரண்டும் பொருந்தவில்லை என்று திரும்பத் திரும்ப வந்தது. "சித்தப்பா, இது எனக்குப் புரியவில்லை" என்று ஓசூரில் இருக்கும் எனக்குப் போன் செய்தாள். அடுத்த விடுமுறை நாளில் போய்ப் பார்த்தேன்.

எனக்கு இன்னும் கோபம் தணியாத இடம் இதுதான். அவள் நிறுவியிருந்த விர்ச்சுவல்பாக்ஸ் 7-ஐ நீக்கிவிட்டு, 2020 ஜூலையோடு ஆதரவு முடிந்துபோன 5.2-ஐ ஏற்றியிருக்கிறார்கள். காரணம் இருக்கிறது. 6.1-க்கு முந்தைய பதிப்புகள் விடி-எக்ஸ் இல்லாமலும் 32 பிட் இயங்குதளத்தை மட்டும் எப்படியோ ஓட்டிவிடும். அதனால் 24.04-ஐ விட்டுவிட்டு, 2016இல் வந்த உபுண்டு 16.04-இன் 32 பிட் பதிப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அதற்கு வழக்கமான ஆதரவு 2021 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. தெரியாமல் செய்தார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. இப்படிச் சுற்றிப்போகும் வழி தெரிந்தவருக்கு நேர்வழி தெரியாமலா இருக்கும்?

நேர்வழி இது. விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியுவைச் சொடுக்குங்கள். கீழே விர்ச்சுவலைசேஷன் என்ற வரியில் டிசேபிள்டு என்றிருந்தால் லேப்டாப்பை மறுதொடக்கம் செய்து பயாஸுக்குள் போங்கள். அதற்கு, கணினி ஆன் ஆகும்போதே அழுத்த வேண்டிய விசை ஹெச்பியில் பெரும்பாலும் எஃப்10. டெல், ஏசர், ஆசுஸில் எஃப்2. இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி என்ற வரியை எனேபிள்டு ஆக்கிச் சேமித்து வெளியே வந்தால் போதும். ஏஎம்டி செயலியில் அதன் பெயர் எஸ்விஎம் மோடு. அவள் லேப்டாப்பில் இதைச் செய்து, பழையதை அழித்துவிட்டுப் புதிய விர்ச்சுவல்பாக்ஸைப் போட்டதும் 24.04 மறுபேச்சில்லாமல் ஏறியது. நிறுவி முடிந்தபின், உபுண்டுவை நிறுவப் பயன்படுத்திய ஐஎஸ்ஓ கோப்பை விர்ச்சுவல் மெஷினிலிருந்து கழற்றிவிடுங்கள்; இல்லையென்றால் மறுபடி நிறுவும் திரையே வந்து நிற்கலாம்.

எனேபிள்டு என்று காட்டியும் மந்தமாக ஓடினால், விர்ச்சுவல் மெஷின் சாளரத்தின் அடியில் பச்சை ஆமைப் படம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், விண்டோஸின் சொந்த விர்ச்சுவல் மெஷின் அமைப்பான ஹைப்பர்-வி அந்த வசதியைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். அதற்கும் ரேமுக்கும் சம்பந்தமில்லை.

கடையில் போய்க் கேட்டோம். ரேமை எடுத்துக்கொண்டு அதன் பணத்தைத் திருப்பித் தந்தார்கள். கூலியைத் தரவில்லை. "சாஃப்ட்வேர் வேலைக்கு உத்தரவாதம் கிடையாது சார், பில்லும் போடுவதில்லை" என்றார் கடைக்காரர். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்ற பொருளுக்கும் செய்த வேலைக்கும் பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் புகார் பதிந்துவிட்டோம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை.

உங்கள் பிள்ளைக்கும் இதே போல் யாராவது போட்டுக் கொடுத்திருந்தால், உபுண்டுவின் செட்டிங்ஸில் டீடெயில்ஸ் பகுதியை (புதிய பதிப்புகளில் அபவுட்) இன்றைக்கே திறந்து பாருங்கள். 16.04, 32 பிட் என்று இருந்தால் கட்டிய கூலியைத் திருப்பிக் கேளுங்கள். பிழைச் செய்தியின் படத்தையும், பணம் அனுப்பிய ரசீதையும் அழித்துவிடாதீர்கள்.