துகள் பனிக்கு ஒரு வெள்ளைத் துணி

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொழும்புப் புறக்கோட்டையில் பை தைப்பவர்களுக்கென்று விற்கும் நெய்யாத வெள்ளைத் துணி, மரக்கறிப் பாத்திமேல் போர்த்தினால், நுவரெலியாப் பனியைத் தாங்குகிறது. ஆனால் தடித்த ரகமாகப் பார்த்து வாங்க வேண்டும், வெயில் இறங்குமுன் போர்த்தி, காலையில் மறக்காமல் எடுத்துவிட வேண்டும், ஓரமெல்லாம் மண் போட்டு அடக்க வேண்டும். இவற்றில் ஒன்றைச் செய்யாமல் விட்டுவிட்டுத் துணியைத் திட்டுவதில் பயனில்லை.

ஜனவரி பிறந்தால் நுவரெலியாக் குதிரைப் பந்தயத் திடல் வெள்ளையாகக் கிடக்கும் படம் பத்திரிகையில் வரும். எங்கள் அலுவலகத்தில் அன்றைக்கே வேன் பிடிக்கும் பேச்சு தொடங்கிவிடும். இரவிலும் பெரும்பாலும் 22, 23 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்காத கொழும்பில், மின்விசிறியைச் சுழலவிட்டுத் தூங்குகிறவர்களுக்கு, புல்லிலும் இலையிலும் வெள்ளையாக உறையும் துகள் பனி வேடிக்கைதான். கந்தப்பளையில் ஓடைக்கரைத் துண்டு நிலத்தில் போஞ்சியும் உருளைக்கிழங்கும் போட்டிருக்கும் என் அம்மாவுக்கு அது நட்டக் கணக்கு. காலையில் வெள்ளை பூத்திருந்த போஞ்சி இலை, வெயில் ஏறியதும் வெந்நீர் ஊற்றிய கீரை மாதிரிக் கறுத்துத் தொங்கும். கோவாவும் லீக்ஸும் கரட்டும் பெரும்பாலும் தப்பிவிடும். போஞ்சிக்கும் உருளைக்கிழங்குக்கும் ஓர் இரவு போதும்.

இந்தத் துணியைப் பற்றி எனக்குச் சொன்னவள் லண்டனில் இருக்கும் சித்தி மகள். அவள் நகரசபையிடம் குத்தகைக்கு எடுத்த ஒரு துண்டில் மரக்கறி போடுகிறாள். அங்கே கடுங்குளிரில் மண்ணே இறுகிப்போய் மண்வெட்டி இறங்காதாம்; குழாய்க்குச் சாக்குச் சுற்றாவிட்டால் உள்ளே தண்ணீர் உறைந்து வெடித்துவிடுமாம். நமக்கு அவ்வளவு வேண்டியதில்லை. எங்கள் பனி விடியப் பார்த்து வரும், வெயில் ஏறப் போய்விடும்.

அவள் சொன்னதை நம்பி முதலில் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். இங்கிலாந்துத் தோட்டம் ஒன்றின் படத்தைப் போட்டு, 'பனிப் பாதுகாப்புத் துணி' என்று பெயர் வைத்து விற்றார். வந்து சேர்ந்தது மறுபக்கம் கை தெரியும் சல்லடை. விலையோ புறக்கோட்டையில் கேட்பதைப் போல மூன்று மடங்கு.

புறக்கோட்டையில் நான் வாங்கும் கடை, பழைய சோனகத் தெருவின் ஹாட்வெயார் கடைகளைத் தாண்டி உள்ளே போகும் ஒரு சந்தில் இருக்கிறது. பெயர்ப்பலகையைத் தேட வேண்டாம். வாசலில் துணி உருளைகளைத் தூண் போல நிறுத்தியிருப்பார்கள். சோபாவின் அடியில் அறைகிற கறுப்பு, கடைப் பைக்கான பச்சையும் சிவப்பும், மருத்துவமனை மேலங்கிக்கான நீலம், எல்லாம் ஒரே சரக்குத்தான். பொலிப்ரொப்பிலீன் இழைகளை உருக்கி அழுத்திச் செய்கிறார்கள். கொரோனாக் காலத்தில் முகக்கவசம் என்று நாமெல்லாம் மாட்டிக்கொண்டு திரிந்தது இதைத்தான்.

"பை தைக்கவா தங்கச்சி?" என்றார் கடைக்கார நாநா.

"இல்லை நாநா, போஞ்சிக்குப் போர்வை. 30 ஜீஎஸ்எம் வேண்டும்."

அவர் சிரிக்கவில்லை. சதுர மீற்றருக்கு 30 கிராம் என்பதுதான் அந்த எண்ணின் பொருள் என்பதால், அதைச் சோதிப்பதும் எளிது. கழிவுத் துண்டுகளில் ஒன்றை இழுத்து, அளவுகோலை வைத்து ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றராக வெட்டினார். நான்காக மடித்து, பக்கத்துக் கடையில் ஆணி நிறுக்கும் மின்தராசில் கொண்டுபோய் வைத்தார். 29 காட்டியது. "ஒரு கிராம் கடவுளுக்கு" என்று சொல்லிவிட்டு, உருளையிலிருந்து எனக்கு வேண்டியதை அளக்கத் தொடங்கினார். இணையத்தில் வாங்கியதையும் பையில் கொண்டுபோயிருந்தேன். அதையும் அப்படியே வெட்டி நிறுத்தோம். 17. எனக்கு இந்தக் கடை பிடித்துப்போனதற்கு அந்தத் தராசு போதும். நான் வாங்கியபோது மீற்றர் 100 ரூபாவுக்குச் சற்று மேல், அகலம் 1.6 மீற்றர். இரண்டு பாத்திக்கு நடுவே கால் வைக்க இடம் விட்டுப் போர்த்த அந்த அகலம் சரியாக வருகிறது.

எடை ஏன் முக்கியம் என்றால், துகள் பனி விழுவது காற்றில்லாத, மேகமில்லாத இரவுகளில். பகலில் மண் வாங்கிய சூடு முழுவதும் திறந்த வானத்துக்குப் போய்விடும். துணி செய்வதெல்லாம் அந்தச் சூட்டில் கொஞ்சத்தைத் தடுத்துவைப்பதுதான். 17 கிராம் துணி ஏறத்தாழ 2 பாகையையும், 30 கிராம் துணி 3 அல்லது 4 பாகையையும் மிச்சம் பிடித்துத் தரும் என்பது பொதுவான கணக்கு. எங்கள் பக்கத்துப் பனிக்கு அந்த ஓரிரு பாகை வித்தியாசம்தான் செடி பிழைப்பதும் சாவதும். மண் காய்ந்து கிடந்தால் அதில் சூடே நிற்காது. அதனால் அம்மா மத்தியானமே பாத்தியை நனைத்துவிடுகிறார். நாலு மணிக்கெல்லாம் துணி விழுந்துவிடும்.

இதோடு ஒரு வெப்பமானியும் வாங்குங்கள். விலை உயர்ந்தது வேண்டாம். கொழும்பில் மீன் தொட்டிக் கடைகளில் நீளக் கம்பியின் நுனியில் உணர்கருவி வைத்த சிறிய இலக்கக் கருவி கிடைக்கிறது. நுனியை மண்மட்டத்தில் கிடத்திவிட்டு, கம்பியை ஜன்னல் வழியாக உள்ளே இழுத்தால் கட்டிலில் இருந்தே பார்க்கலாம். வானொலி சொல்லும் வெப்பநிலையை நம்பித் தூங்கப் போகாதீர்கள். வானிலை நிலையங்களில் அளப்பது ஆள் மார்பளவு உயரத்தில் உள்ள காற்றை. அங்கே 4 பாகை இருக்கும்போது தரையில் சுழியத்துக்குக் கீழே போயிருக்கலாம். குளிர்காற்று பாரமானது, பள்ளம் தேடி இறங்கும். எங்கள் நிலத்திலும் ஓடையை ஒட்டிய கீழ்ப்பாத்திதான் முதலில் வெளுக்கும். கல் மதிலோரத்து மேல்பாத்தி பல இரவுகளில் துணி இல்லாமலே தப்பிவிடும். ஆகவே நிலம் முழுவதற்கும் துணி வாங்கிக் காசைக் கொட்டாதீர்கள்.

அம்மாவுக்குத் துணியில் நம்பிக்கை வர நேரம் எடுத்தது. "மானாப் புல்லைப் பிடுங்கிப் பரப்பினால் போகிறது, இதற்கும் கொழும்புக்குக் காசு கட்ட வேண்டுமா?" என்றார். அதிலும் நியாயம் இருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த காலமெல்லாம் மானாப் புல்லால் மண்ணை மூடிப் பழகிய கை அது. புல் நன்றாகவே காக்கும்; ஆனால் தினமும் விரித்து, தினமும் அள்ள அறுபது வயதைத் தாண்டிய முதுகு இடம் கொடுக்காது. துணி காற்றைப் போல எடையற்றது. பக்கத்து நிலத்துக்காரர் பொலித்தீன் போர்த்துகிறார். அது இலையில் படும் இடமெல்லாம் கருகுகிறது, உள்ளே வியர்த்து ஒழுகுகிறது. பொலித்தீனுக்கு மூங்கில் வளைவு கட்டாயம். துணியையோ செடிமேல் நேராகவே போடலாம், வளைவு இருந்தால் இன்னும் நல்லது.

இனிக் குறைகள். பை தைப்பதற்கான சரக்கு என்பதால் வெயிலைத் தாங்கும் சேர்மானம் இதில் இல்லை. மலை வெயில் பொல்லாதது. பகலிலும் பாத்தியில் கிடக்கவிட்டால் துணி உதிரத் தொடங்கும். அம்மா ஓர் ஓரத்தை மட்டும் சோம்பலில் மடிக்காமல் விட்டிருந்தார். அந்த இடத்தைப் பிடித்துத் தூக்கியபோது அப்பளம் போல நொறுங்கி வெள்ளைத் துகளாய்க் கரட் பாத்தியில் கொட்டியது. பொறுக்கி முடியவில்லை, மண்ணோடு போனது போனதுதான். தோட்டத்துக்கென்றே செய்யும் துணி இப்படி ஆகாது. அது புறக்கோட்டையில் என் கண்ணில் படவில்லை. எனவே காலையில் உதறி, நிழலில் உலர்த்தி, உரப்பைக்குள் சுருட்டிவைக்க வேண்டும். மழை மூட்டமான நாட்களில் போர்த்தவே வேண்டாம்: மேகம் இருந்தால் துகள் பனி விழாது, ஈரத்துணி அடியில் பங்கசு நோய்தான் வரும்.

இன்னொன்று காற்று. ஓரங்களுக்குக் கல் வைத்தால் போதாது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே துணி தூக்கிக்கொண்டு, போஞ்சிக் கொழுந்தைத் தட்டிக்கொண்டே இருக்கும். மண் நிரப்பிய உரப்பைகளை வரிசையாகப் படுக்கவையுங்கள். எப்படியும் ஓர் இரவு தப்பிப்போய்ச் செடியில் பனி பிடித்துவிட்டால், வெயில் படுமுன் பூவாளியால் தண்ணீர் தெளித்துக் கழுவிவிடுவது நம் பக்கத்துப் பழைய வழி. அதையும் விட வேண்டாம். கருகிய இலையை உடனே கிள்ளவும் வேண்டாம்; பனிக்காலம் முடியும்வரை அதுவே கீழ்க்கொழுந்துக்கு மறைப்பு.

ஊருக்குக் கொண்டுபோவதில் சிரமமில்லை. இருபது மீற்றர் சுருட்டினாலும் தலையணை அளவுதான், கையில் எடையே தெரியாது. நுவரெலியா போகும் 79ஆம் இலக்கப் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே போகலாம். நடத்துநர் அதற்கும் டிக்கெட் கேட்டால் வாதாடுங்கள்.

டிசம்பர் நடுப்பகுதிக்குள் வாங்கிவிடுங்கள். நத்தாருக்குப் பை தைப்பவர்கள் அள்ளிக்கொண்டு போனபின் வெள்ளை கிடைக்காது. அப்போது நாநா கறுப்பைக் காட்டி இரண்டும் ஒன்றுதான் என்பார். இரவுக்கு ஒன்றுதான். காலையில் எடுக்கத் தாமதமானால் வெள்ளைக்கு அடியில் இலைக்கு வெளிச்சம் கிடைக்கும், கறுப்புக்கு அடியில் கிடைக்காது. ஓர் ஆண்டு அப்படிப் பிந்திப்போய் நான் வெறுங்கையோடு திரும்பி வந்தேன். அந்த ஆண்டு மானாப் புல்தான் போட்டோம்.