வேமோ ஆளில்லா டாக்சி, சான் பிரான்சிஸ்கோ: ஓட்டம் சுகம், ஓரத்தில்தான் தகராறு

வேமோ, கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் டாக்சி சேவை; செயலியில் அழைத்தால் ஓட்டுநர் இல்லாமலே கார் வரும். கூரைமேல் இருக்கும் லைடார் (லேசர் ஒளியால் சுற்றுப்புறத்தை அளக்கும் கருவி) கூண்டில் உங்கள் பெயரின் முதலெழுத்துகள் ஒளிரும். அதை வைத்து வண்டியைக் கண்டுபிடிக்கலாம். செயலியில் 'திற' கொடுத்தால் ஜாகுவார் ஐ-பேஸ் மின்காரின் கைப்பிடி வெளியே நீளும். பெல்ட்டைப் போட்டுத் திரையைத் தொட்டால் கிளம்பிவிடும். நாலு பேர் போகலாம்.

29 கேமரா, 6 ரேடார், 5 லைடார் வைத்த வண்டி. ஓட்டத்தில் அவசரமே கிடையாது, திடீர் பிரேக்கும் குறைவு. அதற்கு ஐந்துக்கு நாலரை தரலாம்.

ஏற்றி இறக்குவதற்கு இரண்டரைக்கு மேல் மனசு வரவில்லை. மேப்பில் நீங்கள் குத்திய இடம் ஒன்று, வண்டி நிற்கும் இடம் வேறு. ஓரமெல்லாம் கார்கள் அடைத்து நின்றால் அது பாவம் எங்கே போகும்? 2024-ல் மட்டும் இந்த நகரில் வேமோ வண்டிகளுக்கு 589 பார்க்கிங் அபராதச் சீட்டுகள். பேருந்து நிறுத்தமும் சைக்கிள் தடமும் இல்லாத பக்கத் தெருவில் ஏறுமிடத்தைக் குறித்தால் நடை குறையும்.

இங்கேதான் நகரமைப்பு வருகிறது. ஒரு கார் நிற்க ஏறக்குறைய 6 மீட்டர் ஓரம் வேண்டும். இரண்டு மணி நேரம் ஒருவர் நிறுத்தினால் அவ்வளவுதான், அந்த இடம் போச்சு. ஏற இறங்க இரண்டு நிமிடம் என்றால், வண்டி மாறும் இடைவெளி போகவும் மணிக்குப் பதினைந்து வண்டிகளாவது அங்கே வந்துபோகும். புதுக் கட்டடத்துக்கு இத்தனை பார்க்கிங் கட்டாயம் என்ற விதியை சான் பிரான்சிஸ்கோ 2018-லேயே எடுத்துவிட்டது. ஆக, மனைக்குள் இடம் மிச்சமாகும். தெருவோரத்தை யாரும் ஏற்றி இறக்க ஒதுக்காவிட்டால் ஏறி இறங்கும் நெரிசல் அப்படியே சாலைக்கு வந்துவிடும். ஒருவரை இறக்கிவிட்டு அடுத்தவரைத் தேடிக் காலியாக ஓடும் வண்டியும் அதே சாலையில்தான் ஓடுகிறது. பேருந்துக்கு இது மாற்றாகாது.

இன்னொரு பலவீனம் மின்தடை. 2025 டிசம்பர் 20 அன்று நகரின் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இருண்டபோது பல வண்டிகள் சந்திப்புகளிலேயே நின்றுவிட்டன. அணைந்த சிக்னலை நாலு பக்க வண்டிகளும் நின்று முறைவைத்துப் போகும் சந்திப்பாக நடத்த அவற்றுக்குத் தெரியும். ஆனால் சந்தேகம் வந்தால் தொலைவில் இருக்கும் ஊழியரிடம் கேட்கும். நிறைய வண்டிகள் ஒரே நேரத்தில் கேட்டதால் பதில் தாமதமானது, பின்னால் வரிசை நீண்டது, சேவையையே நிறுத்தவேண்டி வந்தது. கரண்ட் போன இரவில் பஸ்ஸையே நம்புங்கள்.