லேஸ் பார்க்க ஒரே நாள்: பிரஸ்ஸல்ஸா, ப்ரூஜா?

மகள் பெல்ஜியத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே போயிருந்தபோது நான் கேட்டது ஒன்றுதான், லேஸ் பார்க்க வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் முளகுமூட்டுப் பக்கத்து ஆட்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. 1897ல் பெல்ஜியத்திலிருந்து மரி லூயிஸ் தெ மேஸ்டர் என்ற கன்னியர் எங்கள் ஊருக்கு வந்தார், அவரும் பின்னால் வந்த சிஸ்டர்மாரும் நடத்திய மடத்தில் அனாதைப் பிள்ளைகள் லேஸ் பின்னப் படித்தார்கள். நாகர்கோவிலில் மிஷனரி மால்ட்டின் மனைவி 1820களிலேயே இந்த வேலையைத் தொடங்கிவிட்டார், அது தனிக் கதை.

மகள் இரண்டு இடம் சொன்னாள். ஒன்று பிரஸ்ஸல்ஸ் நகரத்திலேயே, கிராண்ட் பிளாஸ் சதுக்கத்திலிருந்து இரண்டு நிமிட நடையில் இருக்கும் ஃபேஷன் அண்ட் லேஸ் மியூசியம். 1977ல் உடை, லேஸ் மியூசியமாகத் தொடங்கியது, சின்ன இடம்தான். இன்னொன்று ப்ரூஜில், பழைய லேஸ் பள்ளிக்கூடத்துக் கட்டடத்தில் இருக்கும் லேஸ் மையம். ரயிலில் ஒரு மணி நேரம், இறங்கியபின் நல்ல நடை. பிரஸ்ஸல்ஸில் ஒன்றரை மணி நேரத்தில் பார்த்து முடிக்கலாம், ப்ரூஜுக்கு ஒரு நாள் போய்விடும். அழகு என்று பார்த்தால் ப்ரூஜ் ஊரே அழகு, அதில் பேச்சே இல்லை.

எல்லாரும் ப்ரூஜைத்தான் சொல்வார்கள். அங்கே மதியத்துக்கு மேல் பெண்கள் உட்கார்ந்து பின்னிக் காட்டுவார்கள், கைவேலையைக் கண்ணால் பார்க்கலாம். சரி. ஆனால் அந்தக் கையை நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அம்மாவின் மடியில் கல் மாதிரி இறுக்கி அடைத்த உருண்டைத் தலையணை, அதன்மேல் பின்ன வேண்டிய டிசைனைத் துளையிட்ட அட்டை, துளைக்கு ஒரு குண்டூசி, சுற்றிலும் நூல் சுற்றிய மரக்குச்சிகள். இரண்டு ஜோடியை எடுத்து மாற்றிப் போட்டு முறுக்குவாள், ஊசி குத்துவாள், அடுத்த ஜோடி. குச்சிகள் ஒன்றோடொன்று தட்டுகிற சத்தத்தில்தான் நான் தூங்கியிருக்கிறேன். அம்மா அறியாதது வேறொன்று. முடித்ததைச் சுருட்டிக் கொடுத்துவிடுவாள், அப்புறம் அது எங்கே போகிறது, யார் உடுக்கிறார்கள், ஒன்றும் தெரியாது. "மக்ளே, இத எதுல வச்சுத் தைப்பாவளோ" என்று பலமுறை கேட்டிருக்கிறாள்.

அதற்குப் பதில் எனக்குக் கிடைத்தது பிரஸ்ஸல்ஸில்தான். அங்கே லேஸை உடுப்போடு பார்த்தேன். 18ஆம் நூற்றாண்டில் சீமாட்டிகள் முழங்கையில் அடுக்கடுக்காகத் தொங்கவிட்ட லேஸ் ஒன்றின் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். அது நேரான பட்டை இல்லை. முழங்கையின் பின்பக்கம் தொங்கும் இடத்தில் அகலம், கையின் உள்பக்கம் வரும் இடத்தில் குறுகல். கையை மடக்கினால் எப்படி விழ வேண்டும் என்று யோசித்துப் பின்னியிருக்கிறார்கள். அட்டையில் டிசைன் ஒரு பக்கம் வளைந்து போவதற்குக் காரணம் உடம்பு, அது வெறும் பட்டையாகக் கண்ணாடிக்குள் இருந்தால் புரியாது. பிரஸ்ஸல்ஸ் முறையில் பூவைத் தனியாக, இலையைத் தனியாகப் பின்னிப் பிறகு சேர்ப்பார்கள். அப்படிப் பார்த்தால் ஒரே உடுப்பில் முகம் தெரியாத எத்தனையோ பெண்கள் இருக்கிறார்கள், அம்மாவைப் போல.

குறை உண்டு. உள்ளே இருட்டு. பழைய துணி வெளிச்சத்தில் கெட்டுவிடும், கெட்டது திரும்பாது, அதனால் விளக்கை மங்கலாகத்தான் வைப்பார்கள். வாசிக்கிற கண்ணாடியை மறக்காமல் கொண்டு போங்கள். ஒரே துணியை வருஷக்கணக்கில் வெளியே வைக்கவும் முடியாது, மாற்றி மாற்றி வைப்பார்கள், நான் பார்த்த முழங்கை லேஸ் நீங்கள் போகும்போது இருக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.

ப்ரூஜைப் பற்றி நான் முழுசாகத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. வேறொரு நாள் போனோம், வழியில் தாமதம், பின்னுகிறவர்களின் பக்கத்தில் இருபது நிமிஷம் நின்றதோடு சரி. லேஸ் பின்னுவதையே பார்க்காதவர்கள், பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள், அங்கேயே போகலாம். ஆனால் வீட்டில் தலையணையும் குச்சியும் பார்த்து வளர்ந்தவர்கள் பிரஸ்ஸல்ஸுக்குப் போங்கள். திங்கட்கிழமை மட்டும் போகாதீர்கள், பூட்டியிருக்கும்.