பால் மறந்ததும் விற்பதா, வளர்த்து விற்பதா?

இறைச்சிக்காகப் பசு வளர்ப்பவருக்குப் பால் வருமானம் கிடையாது, கன்றுதான் வரவு. பசுவின் ஓராண்டுத் தீவனம், மருந்து, காளைச் செலவு எல்லாம் அந்த ஒரே கன்றின் தலையில். சினைக்காலமே ஏறக்குறைய 283 நாள். ஆண்டுக்கொரு கன்று வேண்டுமென்றால் ஈன்ற 80 நாளுக்குள் மறுபடி சினை பிடித்தாக வேண்டும். இதில் கோட்டைவிட்டால் எப்படி விற்றாலும் லாபம் கரைந்துவிடும்.

பால் மறந்த கன்றை 6 முதல் 9 மாதத்தில் விற்றுவிட்டால் பணம் சீக்கிரம் கைக்கு வரும். மேய்ச்சல் நிலமும் பசுக்களுக்கே மிஞ்சும். ஆனால் எல்லாரும் ஒரே பருவத்தில் சந்தைக்கு ஓட்டி வந்தால் விலை சரியும்.

வளர்த்து விற்றால் கூடும் எடைக்கும் காசு. சிக்கல் அப்புறம்தான்: மாடு முதிர முதிர, தின்பது சதையாவது குறைந்து கொழுப்பாகிறது, ஒரு கிலோ கொழுப்பு ஏற அதிகத் தீவனம் வேண்டும். வாலடியில் விரல் வைத்து அழுத்திப் பாருங்கள். எலும்பு தட்டாமல் மெத்தென்று இருந்தால் அதற்குமேல் வைத்திருப்பது வீண். மலிவான மேய்ச்சல் உள்ளவருக்கு இந்த வழி சரி. தானியத்தையும் விலைக்கு வாங்கி, கடனுக்கு வட்டியும் கட்டுபவர் கன்றாகவே விற்றுவிடுவது மேல்.