எடிமான்லைன்: 'செரண்டிபிட்டி'யை வைத்து ஒரு சோதனை

ஆங்கிலச் சொற்களின் பிறப்பைத் தேட இலவசமாகக் கிடைப்பவற்றில் முதலில் திறக்க வேண்டியது எடிமான்லைன். டக்ளஸ் ஹார்ப்பர் தொடங்கி வளர்த்த இணைய அகராதி இது. விகுதி சேர்ந்த சொற்களுக்கு இது எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதை 'செரண்டிபிட்டி' (தேடாத ஒரு நல்லதைத் தற்செயலாகக் கண்டடைவது) என்ற ஒரே சொல்லில் பார்த்துவிடலாம்.

சொல்லைத் தட்டியதும் ஆளும் ஆண்டும் வந்துவிடும்: ஆங்கில எழுத்தாளர் ஹோரஸ் வால்போல், 1754 ஜனவரி 28 அன்று தன் நண்பர் ஹோரஸ் மானுக்கு எழுதிய கடிதம். செரண்டிப் இளவரசர்கள் மூவரின் கதையிலிருந்து சொல்லை உருவாக்கியதாக அவரே எழுதியிருக்கிறார். செரண்டிப் என்பது இலங்கை. அரபியில் சரந்தீப், அதற்கும் முன்னால் வடமொழியில் சிம்ஹளத்வீபம். நாம் சொல்லும் 'தீவு'ம் அந்த 'த்வீபம்' வழி வந்ததுதான்.

பலர் இதோடு பக்கத்தை மூடிவிடுவார்கள். ஆனால் பகுதியைத்தான் பார்த்திருக்கிறோம், விகுதி பாக்கி. 'இட்டி'க்குத் தனிப் பதிவு உண்டு. ஆங்கில எழுத்துகளுக்கு முன்னால் ஒரு சிறுகோடு போட்டுத் தேடுங்கள். லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்து, பண்பைக் குறிக்கும் பெயர்களை ஆக்கும் விகுதி. 'ரேபிட்' 'ரேபிடிட்டி' ஆவதுபோல் வழக்கமாக உரிச்சொல்லோடுதான் சேரும். வால்போல் அதை ஒரு தீவின் பெயரில் ஒட்டிவிட்டார்! இனிமை, பெருமை என்று வரும் 'மை'யை எடுத்து 'இலங்கைமை' என்று சொல்வது போன்ற துணிச்சல் அது. இரண்டு பதிவுகளையும் சேர்த்துப் படித்தால்தான் இது பிடிபடும்.

குறைகளும் உண்டு. பதிவில் வரும் ஆண்டு, எழுத்தில் முதலில் கிடைத்த சான்றின் ஆண்டு. பெரும்பாலான சொற்களுக்கு அதைப் பிறந்த தேதியாக எடுத்துக்கொண்டால் தவறிவிடும். பதிவுகள் சுருக்கமானவை என்பதால் பொருளின் நுட்பமும் நழுவும். இடப்பக்கப் புல் மட்டமாக இருந்தும் அதை மட்டுமே மேய்ந்திருப்பதைக் கண்டு, அவ்வழியே போன கோவேறு கழுதைக்கு வலக்கண் இல்லை என்று அக்கதையின் ஓர் இளவரசன் கணித்ததை வால்போல் உதாரணம் காட்டுகிறார். தற்செயலோடு கூர்மதியும் சேர்ந்ததே அவர் சொன்ன பொருள். வெறும் அதிர்ஷ்டத்துக்கு இச்சொல்லைப் போடுகிறவர்கள் கடிதத்தையே படிப்பது நல்லது.

காதை நம்பி விகுதியைப் பிரிப்பதும் ஆபத்து. வேலைப் பித்துப் பிடித்தவரைக் குறிக்கும் 'ஒர்க்கஹாலிக்'கின் 'அஹாலிக்' பழைய விகுதியே இல்லை. 'ஆல்கஹால்' + 'இக்' என்பதைத் தப்பாக வெட்டியதில் கிடைத்த துண்டு. இப்படிச் சந்தேகம் வரும் இடங்களில் எடிமான்லைன் மிக நன்றாக உதவுகிறது. ஒரு சொல் நூற்றாண்டு வாரியாக எந்தெந்த வாக்கியங்களில் வந்தது என்று பார்க்க வேண்டுமானால் ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதிக்குத்தான் போக வேண்டும். அதற்குச் சந்தா உண்டு.